முன்கதை

பிள்ளைகள் பெற்றோரின் கதையை நடுவிலிருந்துதான் வாசிக்கத் தொடங்குகிறார்கள். முன்பக்கங்களை ஒளித்துவைப்பது பெரும்பாலும் பெற்றோரே. பூமணியின் ‘வெக்கை’ (1982) நாவலைத் தழுவி 2019இல் வந்த ‘அசுரன்’ படத்தில், தந்தையின் பொறுமையை மகன் கோழைத்தனம் என்றே எண்ணுகிறான். அவர் கடந்துவந்த கொடுமை அவனுக்குத் தெரியாது.

கேரளத்தின் போனக்காடு போன்ற தேயிலைத் தோட்டங்களில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களிலும் இந்த மௌனம் உண்டு. படிக்க மலையிறங்கும் பிள்ளையிடம் நின்றுபோன கூலியைப் பற்றி அப்பா வாய் திறப்பதில்லை. இனித் தோட்டத்துக்குத் திரும்பும் எண்ணமில்லை என்று பிள்ளையும் சொல்வதில்லை. மற்றவர் மனம் நோகக் கூடாது என்றே இருவரும் மறைக்கிறார்கள்.

ஆனால் இளையோர் கதைகள் பிள்ளையின் பக்கமே நிற்கின்றன. அப்பாவோ அம்மாவோ ஏன் பேசாமல் இருந்தார்கள் என்று அவை அதிகம் கேட்பதில்லை.