நாணயத்தின் நினைவு

பணத்துக்கு நினைவு வேண்டுமா? ஒரு நாணயத்துக்கு ஈடாக அதே பெறுமதியுள்ள வேறொன்றைத் தயக்கமின்றி ஏற்கும் இயல்பே பணத்தைப் பணமாக்குகின்றது. 1756இல் இங்கிலாந்தில் தபாலிலிருந்து களவாடப்பட்ட வங்கித்தாள் ஒன்று, களவை அறியாது பெறுமதி கொடுத்துப் பெற்ற விடுதிக்காரருக்கே உரியதென 1758இல் மான்ஸ்பீல்ட் பிரபு தீர்ப்பளித்தார்.

2009இல் தோன்றிய பிட்கொயின் இவ்வியல்பைச் சோதனைக்கு உள்ளாக்குகின்றது. அதன் ஒவ்வொரு கைமாற்றமும் எவரும் காணக்கூடிய பொதுப் பேரேட்டிற் பதிவாகின்றது. 2016இல் பிட்பினெக்ஸ் என்னும் பரிமாற்று நிலையத்திலிருந்து ஏறத்தாழ 120,000 பிட்கொயின்கள் திருடப்பட்டன. அவற்றின் தடத்தைத் தொடர்ந்த அமெரிக்க அரசு, 2022இல் 94,000க்கு மேற்பட்டவற்றைக் கைப்பற்றியது. நினைவு இங்கு நீதிக்குத் துணைநின்றது.

ஆயின், அத்தகைய நாணயத்தை அறியாது கூலியாகப் பெற்ற தொழிலாளியின் நிலை யாது? கறைபட்டதெனப் பரிமாற்று நிலையம் அதனை முடக்கினால், தாம் செய்யாத குற்றத்தை அவர் சுமக்கின்றார். பறிகொடுத்தவரும் குற்றமற்றவரே, இருவருள் ஒருவர் இழந்தேயாக வேண்டும். எனினும், பெறும் ஒவ்வொரு காசினதும் பூர்வீகத்தை ஆராயுமாறு ஏழையைப் பணிப்பது நீதியாகாது. பறிகொடுத்தவரின் வழக்குக் கள்வனோடேயன்றிக் காசோடன்று. பேரேட்டின் நினைவு கள்வனைத் தொடரட்டும்; அறியாது பெற்றவரின் வாசலில் அது நின்றுவிடட்டும்.