கூடு காக்கும் மீன்

நீருக்கு மேலே நின்று பார்க்கும் நமக்கு ஏரி ஒரே விரிவாகத் தெரிகிறது. உள்ளே வாழும் உயிருக்கு அது வெப்பமும் குளிரும், நிழலும் ஒளியும், இரையும் ஆபத்தும் பங்கிட்டுக்கொண்ட பல நூறு இடங்கள். கரையில் நிற்கும் தூண்டில்காரர் மீனைத் தேடுவதாக நாம் நினைக்கிறோம். அவர் தேடுவது ஒரு விடையை. இந்தப் பருவத்தில், இந்த நேரத்தில், அந்த மீனுக்கு எது இல்லாமல் முடியாது? அது தெரிந்துவிட்டால் மீன் இருக்கும் இடம் தானாகத் தெரிந்துவிடும்.

ஜப்பானில் ஹகோனே மலைக்குள் சுமார் 720 மீட்டர் உயரத்தில் கிடக்கிறது அஷினோகோ ஏரி. ஏறத்தாழ மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் காமியாமா எரிமலையின் ஒரு பக்கம் சரிந்து ஹயகவா ஆற்றை அடைத்ததில் பிறந்த நீர் அது. ஆழமான இடத்தில் 40 மீட்டருக்கு மேல் இறங்கும். பழைய நிலச்சரிவுகளில் ஏரிக்குள் இறங்கிய சுகி மரங்கள் இன்னும் அடியில் நிமிர்ந்து நிற்கின்றன. ஆனாலும் தலைகீழ் மரங்கள் என்பதே அவற்றுக்கு அங்குள்ள பெயர். ஊரை நடுங்கவைத்த ஒன்பது தலை நாகத்தை மாங்கன் என்ற துறவி எட்டாம் நூற்றாண்டில் அத்தகைய ஒரு மரத்தில்தான் கட்டிப்போட்டார் என்றும், அடங்கிய பின் அதுவே ஏரியின் காவல் தெய்வமானது என்றும் ஐதிகம். இன்றும் ஜூலை 31 இரவில் அதற்காகச் செவ்வரிசிச் சோறு நீரில் விடப்படுகிறது. ஆற்றலை அழிக்காமல் கட்டிவைத்து, அதையே காவலாக்கிய கதை இது. இந்த ஏரிக்கு இதைவிடப் பொருத்தமான கதை இருக்க முடியாது என்று எனக்குத் தோன்றுகிறது.

1925ஆம் ஆண்டு இங்கே ஒரு புதிய உயிர் வந்து சேர்ந்தது. அகாபோஷி டெட்சுமா என்ற தொழிலதிபர் கலிஃபோர்னியாவிலிருந்து லார்ஜ்மவுத் பாஸ் மீன்களைக் கொண்டுவந்து விட்டார். கண்ணையும் தாண்டிப் பின்னால் செல்லும் மேல்தாடை, ஒரே விழுங்கில் இரையை உறிஞ்சிக்கொள்ளும் பெருவாய், வட அமெரிக்காவின் கிழக்குப் பாதிக்குரிய வேட்டை மீன். அகாபோஷி அறியாமல் செய்தவர் அல்லர். பல்கலைக்கழக அறிஞர்களைக் கலந்து, மலைகள் சூழ்ந்த இந்த ஏரியிலிருந்து மீன் வேறெங்கும் பரவாது என்பதாலேயே இதைத் தேர்ந்தார். மலைகள் மீனைத் தடுத்தன. வாளியில் மீனை எடுத்துச் சென்ற கைகளை அவற்றால் தடுக்க முடியவில்லை. அடுத்து வந்த பத்தாண்டுகளில் பாஸ் அநேகமாக ஜப்பான் முழுவதும் பரவிவிட்டது.

ஆண்டின் முக்கால் பங்கு இந்த மீன் தன் உடலின் கணக்குக்கு உட்பட்டு வாழ்கிறது. குளிர்காலத்தில் நான்கு டிகிரி நீரே மிகக் கனமானது. ஆகவே அடிநீர் அந்த அளவிலேயே நிலைத்து நிற்க, மீன் செங்குத்தான சரிவுகளின் ஓரம் ஆழத்தில் ஒடுங்கிவிடுகிறது. நீரின் வெப்பமே அதன் உடலின் வெப்பம். செரிமானம் மந்தமாகி, ஒரு வேளை உணவு பல நாட்களுக்குத் தாங்குகிறது. வாயைத் திறக்கும் செலவுக்கு வரவு ஈடாகும்வரை அது அசையாது. கோடையில் ஏரி இரண்டாகப் பிரிகிறது. வெதுவெதுப்பான இலேசான நீர் மேலே, குளிர்ந்த கனமான நீர் கீழே, இரண்டும் கலப்பதில்லை. அப்போது அதற்கு வேண்டியது நிழல். காடு ஏரியின் மேல் சாய்ந்து நிற்கும் கரைகளில் சிள்வண்டுகள் தவறி நீரில் விழுகின்றன. சிறகடித்துத் தத்தளிக்கும் அந்தச் சிறு அலைகளைக் கீழே ஒரு நிழல் கவனித்துக்கொண்டிருக்கிறது. சிள்வண்டைப் போலச் செதுக்கிய தக்கைக் கட்டையை அங்கே தவழவிடுபவர் கிளையின் அடியைப் பார்த்துத்தான் எறிகிறார். இலையுதிர்காலத்தில் குளிர்ந்த மேல்நீர் இறங்கி ஏரி முழுவதும் ஒன்றாகக் கலந்துவிட, வகாசாகி என்னும் சிறு வெள்ளி மீன்களின் கூட்டத்தைத் துரத்திக்கொண்டு பாஸ் எங்கும் திரிகிறது. எங்கும் இருப்பதனாலேயே கண்டுபிடிக்க அரிதாகிறது. அக்டோபர் முதல் நாள் வலையில் வந்த வகாசாகியை ஹகோனே கோயிலில் படைத்து அரண்மனைக்கு அனுப்பும் வழக்கம் அங்கே உண்டு. மனிதனும் மீனும் ஒரே இரையின் பின்னால் செல்லும் பருவம் அது.

இந்த மூன்று பருவங்களிலும் தூண்டில் பேசுவது பசியோடும் வெப்பத்தோடும். அது இரு வேட்டைக்காரர்களின் வழக்கு. அதில் ஓர் ஒப்புரவு இருக்கிறது. ஏமாற்றப்பட்டாலும் மீன் தன் பொருட்டே ஏமாறுகிறது.

வசந்தம் வேறு. சமவெளி ஏரிகளைவிடச் சில வாரங்கள் தாமதமாக, மலை நீர் பதினைந்து டிகிரியைக் கடந்ததும், ஆண் மீன் கரையோரத்துக்கு வருகிறது. இடுப்பளவு நீரில், கூழாங்கல் கிடக்கும் இடமாகப் பார்த்து, வாலை வீசி வீசிச் சேற்றையும் சருகையும் அகற்றுகிறது. பழுப்புத் தரையில் வட்டமாக ஒரு வெளிறிய இடம் உண்டாகும்வரை ஓயாது. அந்த உழைப்பில் வாலின் கீழ் ஓரம் தேய்ந்து கிழிந்து, சில நேரம் இரத்தம் கட்டிச் சிவந்திருக்கும். பெண் மீன் வந்து முட்டையிட்டுவிட்டு ஆழத்துக்குத் திரும்பிவிடுகிறது. ஆண் போவதில்லை. முட்டைகளின் மேல் மண் படியாமல் துடுப்பால் விசிறிக்கொண்டே இருக்கிறது. சில நாட்களில் குஞ்சு பொரித்த பிறகும், அவை தாமாக இரை தேடும்வரை கூடவே நிற்கிறது. அந்த நாட்களில் அது பெரும்பாலும் உண்பதில்லை. சற்றே விலகினால் போதும், சுற்றிலும் காத்திருக்கும் ப்ளூகில் போன்ற மீன்கள் நிமிடங்களில் கூட்டைக் காலிசெய்துவிடும்.

இப்போது ரப்பர்ப் புழு ஒன்று அந்த வட்டத்தின் நடுவில் மெல்ல இறங்குகிறது. ஆண் மீனுக்குப் பசி இல்லை. அது திரும்புகிறது, தலையைச் சாய்த்துப் பார்க்கிறது, செவுள் விரிய வாயைத் திறந்து புழுவைக் கவ்வுகிறது. கவ்வியது விழுங்குவதற்காக அன்று. கூட்டுக்கு வெளியே கொண்டுபோய்த் துப்புவதற்காக. கவ்வுவதற்கும் துப்புவதற்கும் இடையிலுள்ள அந்த ஒரு நொடியில்தான் தூண்டில் சுண்டப்படுகிறது.

நம் கண்மாய்க்கரைகளில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதாக இராது. செந்நிறமாகக் கொப்பளித்துக்கொண்டு நகரும் விரால் பார்ப்புக் கூட்டம் எங்கே தெரிகிறதோ, அதற்குக் கீழே பெரிய விரால் இருக்கும் என்பதைச் சிறுவர்களும் அறிவார்கள். அங்கே தவளையைக் கட்டிப் போட்டால் அது பாயாமல் இராது என்பதும் தெரியும். இரு கண்டங்களின் இரு மீன்கள். அவற்றைப் பிடிக்கும் வழி ஒன்றே.

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ரிட்ஜ் லேக் என்ற சிறிய ஏரியில் 1970களில் ஆய்வாளர்கள் ஒரு சோதனையைத் தொடங்கினார்கள். தூண்டிலில் அகப்பட்ட ஒவ்வொரு பாஸ் மீனையும் அளந்து, அடையாளமிட்டு, மீண்டும் அதே நீரில் விட்டார்கள். நான்கு ஆண்டுகளுக்குப் பின் ஏரியை வடித்தபோது ஆயிரத்து எழுநூறுக்கு மேற்பட்ட மீன்கள் கிடைத்தன. அவற்றில் ஏறத்தாழ இருநூறு ஒருமுறைகூடப் பிடிபடாதவை. அதே ஏரியில் வேறு சில பலமுறை பிடிபட்டிருந்தன. பிடிபடுபவற்றைத் தனியாகவும் பிடிபடாதவற்றைத் தனியாகவும் இனப்பெருக்கம் செய்ய, தலைமுறைக்குத் தலைமுறை வேறுபாடு கூடிக்கொண்டே போனது. தூண்டிலுக்கு வசப்படுதல் வழிவழியாக வரும் குணம் என்பது உறுதியானது. 2012இல் வெளிவந்த ஒரு தொடராய்வு இன்னும் ஓர் அடி சென்றது. எளிதில் பிடிபடும் வம்சத்து ஆண்களே கூட்டை மும்முரமாகக் காத்தன, எதிரியை விரட்டின, அதிகக் குஞ்சுகளை வளர்த்து ஆளாக்கின. பிடிபடாத வம்சம் காவலில் மெத்தனமாக இருந்தது.

இந்த முடிவை வாசித்தபின் நெடுநேரம் என்னால் வேறு எதையும் நினைக்க முடியவில்லை. பேராசையும் மடமையும் தூண்டிலுக்கு இரையாகும் என்றே நாம் நம்பிவந்திருக்கிறோம். நீதிக்கதைகளில் முள்ளில் மாட்டும் மீன் எப்போதும் ஆசைக்கு உவமை. இங்கே மாட்டுவது நல்ல தகப்பன். அதன் குறை எதுவும் அதைக் காட்டிக்கொடுக்கவில்லை, அதன் நிறைவே காட்டிக்கொடுக்கிறது.

பற்றுதான் துன்பத்தின் வாசல், அதை அடைத்துவிடு என்பது நம் துறவு மரபு தந்த மருந்து. அந்த மருந்தின் பெருமையை மறுக்க நான் துணியேன். ஆயினும் எவரும் எட்ட முடியாத இடத்தில் வாழ்வதையே ஞானம் என்று கொள்வோமானால், பிடிபடாத அந்த வம்சத்தையும் ஞானிகளாகவே கொள்ள வேண்டியிருக்கும். அவற்றின் கூடுகளோ போதிய காவலின்றிக் கிடந்தன. வசப்படக்கூடிய ஓர் இடம் நம்மில் திறந்திருப்பதனால்தான் நாம் மற்றோர் உயிருக்குப் பயன்படுகிறோம். மகளின் திருமணத்துக்கென்று கடன் கேட்டு வந்து நிற்கும் தகப்பனும், பிள்ளையின் காய்ச்சல் இறங்காமல் நள்ளிரவில் மருத்துவமனை வாசலில் நிற்கும் தாயும் பேரம் பேச மாட்டார்கள் என்பதை எதிரே இருப்பவர் நன்றாக அறிவார். அந்தத் தகப்பனும் தாயும் அந்த இடத்தை மூடிக்கொள்ள வேண்டும் என்று நாம் சொல்வோமா? சொல்ல மாட்டோம். அப்படியானால் பாரம் இடம் மாறுகிறது. அன்பு கொண்டவர் தம்மைக் காத்துக்கொள்ள வேண்டும் என்ற கட்டளை தளர்ந்து, அந்த அன்பு இருக்கும் இடத்தை அறிந்துவிட்டவர் அந்த அறிவைக்கொண்டு என்ன செய்கிறார் என்ற கேள்வி எழுகிறது. ஓர் உயிரின் பற்று எதில் இருக்கிறது என்று அறிவது, அது நம்மிடம் கொடுக்காமலேயே நம் கைக்கு வந்துவிட்ட அடைக்கலப் பொருள் ஒன்றை ஏந்தி நிற்பதாகும். ஏந்திய கை அதை விற்கலாம், காக்கலாம், அழிக்கவும் செய்யலாம். எதைச் செய்தாலும் அறியாமல் செய்தேன் என்று சொல்லும் உரிமை மட்டும் அந்தக் கைக்கு இல்லை.

கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் பல பகுதிகளில் ஜூன் மாதப் பிற்பகுதிவரை பாஸ் பிடிக்கத் தடை உண்டு. டொரொன்டோவில் தூண்டில் போடும் நம்மவர்களும் தடை நீங்கும் சனிக்கிழமைக்காகக் காத்திருப்பவர்களே. கூட்டின் மேல் நிற்கும் மீன் எளிதில் கிடைக்கும் என்பது தெரிந்ததனாலேயே அந்தச் சட்டம் பிறந்தது. அங்கே பாஸ் மண்ணின் மைந்தன். ஜப்பானில் அது குடியேறி, உள்ளூர்ச் சிறு மீன்களின் வாழ்வைக் குலைத்த அயலான். 2005 முதல் அதை உயிரோடு வைத்திருப்பதும், எடுத்துச் செல்வதும், வேறிடத்தில் விடுவதும் குற்றம். மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு. அஷினோகோவும், ஃபூஜி மலையடியிலுள்ள கவகுச்சிகோ, யமனககோ, சைகோ ஏரிகளும் மட்டுமே அனுமதிச் சீட்டோடு பாஸ் பிடிக்கும் உரிமை நிலைத்த நீர்நிலைகள். பீவா ஏரியில் பிடித்த பாஸ் மீனைத் திரும்ப விடக் கூடாது. 1960இல் சிகாகோ நகர மேயர் பரிசளித்த ப்ளூகில் மீன்களைத் தாயகத்துக்குக் கொண்டுவந்தவர் அன்றைய இளவரசர் அகிஹிதோ. பேரரசரான பின், 2007இல், பீவா ஏரியின் கரையிலேயே அதற்காகத் தம் மனம் வருந்துவதை வெளிப்படையாகச் சொன்னார். நல்லெண்ணத்தோடு செய்த செயலின் விளைவுக்கும் தாமே உரியவர் என்று நாட்டின் முன் ஏற்றுக்கொண்ட அந்த ஒப்புதலை நான் மிகவும் மதிக்கிறேன்.

மியாகி மாகாணத்து இசுநுமா சதுப்பு ஏரியில் இதே அறிவு இன்னொரு வழியில் பயன்படுகிறது. அங்கே தன்னார்வலர்கள் தட்டுகளில் சரளைக் கல்லைப் பரப்பி நீரில் இறக்கிவைக்கிறார்கள். நல்ல இடம் தேடிவரும் ஆண் பாஸ் அந்தத் தட்டையே கூடாக ஏற்றுக்கொள்கிறது. முட்டை பொரிப்பதற்குள் தட்டைத் தூக்கி உலர்த்திவிடுகிறார்கள். தூண்டில்காரர் பிடித்த அதே இடத்தைத்தான் இவர்களும் பிடிக்கிறார்கள், அதே தகப்பனைத்தான் ஏமாற்றுகிறார்கள். இதை நான் குறைசொல்லவில்லை. சொல்வதற்கு முன் அந்தச் சதுப்பில் வாழ்ந்த செனிதனாகோ என்ற விரலளவு மீனைப் பற்றி அறிய வேண்டும். அது கூடு கட்டுவதில்லை. இலையுதிர்காலத்தில் உயிருள்ள மட்டிக்குள் முட்டையிடுகிறது. பொரித்த குஞ்சுகள் குளிர்காலம் முழுவதும் மட்டியின் உடலுக்குள்ளேயே தங்கி, அடுத்த வசந்தத்தில் முதன்முறையாகத் திறந்த நீருக்கு வருகின்றன. கரையோரத்தில் ஆண் பாஸ் வாலால் தரையைத் துலக்கிக் காவல் காத்து வளர்த்துவிடும் குஞ்சுகள் வாய் திறந்து வேட்டைக்குப் புறப்படுவதும் அந்த வசந்தத்தில்தான்.