உடம்பு முன்னமே சொல்கிறது, கேள்!

எழுந்து உட்கார். முகத்தைத் துடைத்துக்கொள். சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிடு. சுற்றி நிற்கிற கூட்டத்தைப் பார்த்துத் தலையைக் குனியாதே!

பேருந்து நிலையத்திலோ, கல்லூரி வராந்தாவிலோ, தறிக்கூடத்திலோ நீ விழுந்தாய். கைகால் இழுத்தது, வாயில் நுரை தள்ளியது. யாரோ ஓடிவந்து உன் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார். கண் விழித்தபோது கடிபட்ட நாக்கு எரிந்தது, தோள் வலித்தது. அதையெல்லாம் நீ பொறுத்துக்கொண்டாய். ‘எல்லாரும் பார்த்துவிட்டார்களே’ என்ற எண்ணத்தைத்தான் உன்னால் பொறுக்க முடியவில்லை. அந்த வெட்கத்தை இன்றே தூக்கி எறி என்று சொல்லவே இதை எழுதுகிறேன். சர்க்கரை குறைந்து மயங்கியவர் வெட்கப்படுவதில்லை. நெஞ்சுவலியில் சரிந்தவர் ஊரிடம் மன்னிப்புக் கேட்பதில்லை. நீ மட்டும் ஏன் குற்றவாளியைப் போலக் கூசிக்கொண்டு வீட்டுக்கு நடக்கிறாய்?

நடந்தது இவ்வளவுதான். மூளையின் நரம்புச் செல்கள் மின்துடிப்புகளால் செய்தி அனுப்பிக்கொள்கின்றன. சிறிது நேரம் அவற்றில் ஏராளமானவை முறை தப்பி ஒன்றாகத் துடித்துவிட்டன. இதில் முன்வினையும் இல்லை, பேயும் இல்லை. ஹிப்பாக்ரடீஸ் பெயரால் வழங்கும் கிரேக்க மருத்துவ நூல் ஒன்று, ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன்பே, இது தெய்வ கோபம் அன்று, காரணம் மூளையில் இருக்கிறது என்று அடித்துச் சொல்லிவிட்டது. 1924-இல் ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் மனித மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்தார். இன்று உனக்கு எடுக்கிற இ.இ.ஜி. அங்கிருந்து வந்ததுதான். அதற்குப் பிறகும் பிள்ளையை வேப்பிலையால் அடித்துக்கொண்டிருந்தால் அது அந்தப் பிள்ளைக்குச் செய்கிற கொடுமை.

சாவிக்கொத்து விஷயத்தையும் இங்கேயே முடித்துவிடுவோம். பெரும்பாலான வலிப்பு ஓரிரு நிமிடங்களில் தானாகவே நின்றுவிடும். இரும்பைத் தேடி எடுத்து, கூட்டத்தை விலக்கி, மடங்கிய விரல்களைப் பிரித்துத் திணிக்கவும் ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான் ஆகும். இழுப்பு தானாக நிற்கிறது, பெயர் சாவிக்குப் போகிறது! தலைமுறை தலைமுறையாக நாம் ஏமாந்தது இப்படித்தான். கையில் வைப்பதோடு விட்டாலும் போகட்டும். பற்களுக்கு நடுவே கரண்டியைச் செருகுகிறார்கள், நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றுகிறார்கள். பல் உடைவதும் மூச்சு அடைபடுவதும் இந்த அன்பினால்தான்.

இனி நீ கவனிக்க வேண்டிய இடத்துக்கு வருகிறேன். வலிப்பு எப்போதும் திருடனைப் போல ஓசையில்லாமல் வருவதில்லை. பலருக்கு அது சொல்லிவிட்டுத்தான் வருகிறது. கேட்கத்தான் நாம் பழகவில்லை.

விழுவதற்குச் சில நொடிகள் முன்பு, வயிற்றிலிருந்து ஏதோ ஒன்று நெஞ்சை நோக்கி எழும்புவதுபோல இருக்கிறதா? பக்கத்தில் எதுவும் எரியாதபோது ரப்பர் கருகும் நாற்றம் வருகிறதா? முதல்முறை காலடி வைக்கிற தெருவில், ‘இதே இடத்தில் இதே மாதிரி முன்பு நின்றிருக்கிறேனே’ என்று உறுதியாகத் தோன்றுகிறதா? காரணமே இல்லாமல் திகில் பிடிக்கிறதா? ஒரு கை விரல்களில் மட்டும் எறும்பு ஊர்கிறதா? கண்ணோரம் வண்ண வட்டங்கள் சுழல்கின்றனவா? இவற்றை ‘ஆரா’ என்கிறார்கள் மருத்துவர்கள். வலிப்பு மூளையின் ஒரு மூலையில் சின்ன அளவில் ஏற்கெனவே தொடங்கிவிட்டது என்று இதற்குப் பொருள். அது அங்கேயே அடங்கிவிடலாம். பரவினால் நினைவு தப்பும். ஒரே ஆளுக்கு அநேகமாக ஒரே மாதிரி அறிகுறி திரும்பத் திரும்ப வருவதும் அதனால்தான். நெற்றிப்பொட்டுக்கு உட்புறமுள்ள மடலில் தொடங்கினால் வயிற்றில் எழும்புகிற உணர்வு வரும். பின்மண்டைப் பகுதியில் தொடங்கினால் கண்ணில் வண்ணம் தெரியும். ஆகவே நீ ‘என்னமோ மாதிரி இருந்தது’ என்று முடித்துக்கொள்ளாமல் என்ன மாதிரி இருந்தது என்று விளக்கிச் சொன்னால், எந்த இடத்தில் பிழை என்று மருத்துவருக்கு நீயே வழி காட்டுகிறாய். ரஷ்ய எழுத்தாளர் தஸ்தயேவ்ஸ்கி வலிப்போடு வாழ்ந்தவர். அந்த முன்நொடிகளை அவர் எவ்வளவு உற்றுக் கவனித்திருந்தால் ‘அசடன்’ நாவலில் நாயகன் மிஷ்கினுக்கு அவற்றைக் கொடுத்திருக்க முடியும்! உன்னால் நாவல் எழுத முடியாவிட்டால் போகிறது, நோட்டில் நாலு வரி எழுது.

அந்தச் சில நொடிகள் உன்னுடையவை. நின்றுகொண்டிருந்தால் தரையில் உட்கார். உட்கார்ந்திருந்தால் ஒருக்களித்துப் படு. படிக்கட்டில் இருந்தால் அங்கேயே உட்கார்ந்துவிடு. மூக்குக்கண்ணாடியைக் கழற்று. பக்கத்தில் இருப்பவரிடம் ‘எனக்கு வரப்போகிறது’ என்று ஒரு சொல் சொல். அடுப்பருகே நிற்கிற தங்கையே, உன்னிடம் இரண்டு மடங்கு அழுத்திச் சொல்கிறேன்: கொதிக்கிற குழம்பு பொங்கி வழியட்டும், பால் தீயட்டும், மாமியார் திட்டட்டும், நீ இரண்டெட்டு பின்னால் போய்த் தரையில் படு! வலிப்பினால் வருவதைவிட விழுந்த இடத்தில் இருந்த நெருப்பினால் வருகிற காயம் கொடுமையானது.

சிலருக்கு இந்த நொடிகளே கிடைப்பதில்லை. மூளையின் இரு பக்கங்களும் ஒருசேரத் துடிக்கிற வகை அது. உனக்கு அந்த வகை என்றால் அது உன் கவனக்குறைவு ஆகாது. உனக்கான தடயங்கள் இன்னும் முன்னால் கிடக்கின்றன. முந்தின இரவு தூங்கினாயா? மாத்திரையை ஒரு வேளை விட்டாயா? காய்ச்சலா? மாதவிலக்கை ஒட்டிய நாளா? நண்பர்களோடு சேர்ந்து குடித்தாயா? காரணமில்லாத எரிச்சலும் தலைப்பாரமுமாக ஒரு நாள் முழுக்க இருந்தாயா? இவற்றில் எது உனக்கு வலிப்பை இழுத்துவருகிறது என்று உன் நோட்டுதான் சொல்லும், ஊரார் சொல்ல முடியாது.

வீட்டில் கவனிக்காமல் விடுகிற ஒன்று உண்டு. பதின்பருவத்துப் பிள்ளை. காலையில் எழுந்த கொஞ்ச நேரத்தில் கை திடீரென்று வெட்டுகிறது. பல்துலக்கும் பிரஷ் எகிறி விழுகிறது, காபி டம்ளர் தெறிக்கிறது. ‘காலங்காத்தாலே என்ன கவனம், ஒழுங்கா பிடிக்கத் தெரியாதா?’ என்று வசவு விழுகிறது. பொதுத்தேர்வுக்கு ராத்திரி முழுக்கக் கண்விழித்த மறுநாள் அதே பிள்ளை முழு வலிப்பில் விழுகிறது. ‘திடீர்னு வந்துடுச்சு டாக்டர்’ என்று அழுகிறார்கள். திடீரென்று வரவில்லையம்மா! மாதக்கணக்கில் அந்த டம்ளர் சொல்லிக்கொண்டிருந்தது.

ஆசிரியர்களுக்கும் ஒன்று. பாடம் நடக்கும்போது ஒரு குழந்தை பத்து நொடி வெறித்துப் பார்க்கிறது, இமை படபடக்கிறது, கூப்பிட்டாலும் தொட்டாலும் அசையவில்லை, பிறகு எதுவுமே நடக்காததுபோல எழுதத் தொடங்குகிறது. ஒரே நாளில் பலமுறை இப்படி ஆகிறது. கனவு காண்கிற பிள்ளை என்று பெஞ்சுமேல் ஏற்றி நிற்கவைக்காதீர்கள். அதுவும் ஒருவகை வலிப்பு. பெற்றோரை அழைத்துச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாமல் போனால் அந்தக் குழந்தை மக்கு என்ற பட்டத்தோடு வளரும்.

நோட்டில் என்ன எழுதுவது? தேதி, நேரம், எத்தனை மணி தூங்கினாய், மாத்திரை எடுத்தாயா, முதலில் என்ன தோன்றியது, எவ்வளவு நேரம் நீடித்தது. உனக்கு நினைவிருக்காத பகுதியை வீட்டார் எழுதட்டும். முடிந்தால் ஒருவர் உன்னைப் பார்த்துக்கொள்ள, இன்னொருவர் செல்போனில் படம் பிடிக்கட்டும். மருத்துவர் பெரும்பாலும் உன் வலிப்பைக் கண்ணால் பார்த்திருக்கவே மாட்டார். இ.இ.ஜி. சரியாக இருக்கிறது என்று வந்தாலும் வலிப்பு நோய் இல்லை என்று ஆகிவிடாது. அந்த இடத்தில் ஒரு நிமிட வீடியோ பேசும்.

உலகத்தில் ஏறக்குறைய 5 கோடிப் பேர் உன்னோடு இருக்கிறார்கள். சரியாகக் கண்டறிந்து சரியாக மருந்து எடுத்தால் 100-க்கு 70 பேர் வரை வலிப்பே வராமல் வாழ முடியும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மீதி 30 பேரும் கைவிடப்பட்டவர்கள் இல்லை, அவர்களில் சிலருக்கு அறுவை சிகிச்சை கைகொடுக்கும். கனடாவில் மூளை அறுவை நிபுணர் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயின்ற ஜேக்கப் சாண்டி, 1949-இல் வேலூர் சி.எம்.சி.யில் நரம்பியல் அறுவைப் பிரிவைத் தொடங்கினார். அடுத்த சில ஆண்டுகளிலேயே வலிப்புக்கான மூளை அறுவை சிகிச்சை அங்கே நடந்தது. நாடு விடுதலை பெற்றுப் பத்து ஆண்டுகூட ஆகாத காலம் அது! திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்திலும் 1995 முதல் அந்த சிகிச்சை நடக்கிறது. நம் நாட்டில் வலிப்புக்கு ஒரு முக்கியக் காரணம், நாடாப்புழுவின் முட்டை வயிற்றுக்குள் போய், அதிலிருந்து வரும் புழு மூளையில் தங்குவது. கறியே தொடாதவருக்கும் கழுவாத காய், கழுவாத கை வழியாக அது வரும். அதற்கும் மருந்து இருக்கிறது. இவ்வளவும் பக்கத்திலேயே இருக்க, தாயத்துக்குக் காசு கொடுத்துவிட்டு மாத்திரைக்கு யோசிக்கிறோம்.

மாத்திரை என்றதும் கல்யாணப் பேச்சைத் தொடாமல் போக முடியாது. இந்துத் திருமணச் சட்டம், வலிப்பு நோயைத் திருமணத்துக்குத் தடையான நிலைகளில் ஒன்றாக வைத்திருந்தது. 1999-இல் அந்தச் சொல்லை நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. சட்டம் திருந்திவிட்டது, சம்பந்தம் பேசுகிற நாம் திருந்தவில்லை! பெண்ணின் நோயை மறைத்துக் கல்யாணம் வைக்கிறார்கள். பந்தக்கால் நட்ட நாளிலிருந்து வீட்டில் தூக்கமில்லை. புகுந்த வீட்டில் மாத்திரை அட்டை கண்ணில் படக்கூடாது என்று அவள் மருந்தையும் நிறுத்துகிறாள். தூக்கமும் போய், மருந்தும் போய், புது வீட்டில் வலிப்பு வருகிறது. வராமல் என்ன செய்யும்? பிறகு ‘ஏமாற்றிவிட்டார்கள்’ என்று அவளைக் கொண்டுவந்து விடுகிறார்கள். அவளை விழவைத்தது நோயா, மறைப்பா? நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள்!

பெண் பார்க்க வருகிறவரிடம் நிமிர்ந்து சொல் தங்கையே: ‘எனக்கு வலிப்பு உண்டு, மருந்து எடுக்கிறேன்.’ அதைக் கேட்டு எழுந்து போகிறவன் போகட்டும். போனது உனக்கு லாபம். வலிப்பு உள்ள பெண்களில் பெரும்பாலோர் நல்ல குழந்தைகளைப் பெற்று வளர்க்கிறார்கள். சில மாத்திரைகள் கருவுக்கு ஆகாது, அதனால் கருத்தரிக்க நினைப்பதற்கு முன்பே மருத்துவரிடம் பேசி மாற்றிக்கொள். கருத்தரித்த பிறகு பயந்துபோய் நீயாக நிறுத்தாதே. எந்த நிலையிலும் நீயாக நிறுத்தாதே! திடீரென்று நிறுத்தினால் அடங்காத வலிப்பாக வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

1992 கிரிக்கெட் உலகக் கோப்பையில், பிரிஸ்பேன் மைதானத்தில், பந்தோடு பறந்து ஸ்டம்புகளைச் சாய்த்து இன்சமாமை ரன் அவுட் ஆக்கினாரே தென்னாப்பிரிக்காவின் ஜான்டி ரோட்ஸ், அவருக்கும் வலிப்பு நோய் உண்டு. அவர் அதை மறைக்கவில்லை, மேடையேறிப் பேசினார். உலகம் மெச்சிய அந்தப் பீல்டரிடம் ‘உன்னால் ஓடியாட முடியாது’ என்று யாராவது சொல்லியிருப்பார்கள் என்றே நினைக்கிறேன். அவர் கேட்கவில்லை.

அதற்காகத் துணிச்சல் என்று சொல்லிக்கொண்டு கிணற்றில் தனியாகக் குதிக்காதே. குளியலறையில் தாழ்ப்பாள் போடாமல் கதவைச் சாத்திவை. கைப்பிடிச்சுவர் இல்லாத மொட்டைமாடியில் நிற்காதே. ஓட்டுநர் உரிமப் படிவம் வலிப்பு உண்டா என்று கேட்கிறது. பொய் எழுதாதே, உன் உயிரோடு தெருவில் போகிறவர் உயிரும் அதில் இருக்கிறது. இந்தக் கட்டுப்பாடுகளை நோய்க்குப் பணிவதாக எண்ணாதே. தன்னை அறிந்தவனின் கணக்கு இது. இவற்றைத் தவிர மற்ற எல்லாம் உனக்கு உண்டு: படிப்பு, வேலை, காதல், பயணம், மேடை.

நாளைக் காலை ஒரு வேலை செய். வகுப்பிலோ, அலுவலகத்திலோ, கம்பெனியிலோ உன் பக்கத்தில் உட்காருகிறவரைக் கூப்பிடு. குரலைத் தாழ்த்தாமல் இதைச் சொல்: ‘எனக்கு வலிப்பு வரும். வந்தால் பயப்படாதீங்க. கையைக் காலை அமுக்கிப் பிடிக்காதீங்க. வாயில எதுவும் வைக்காதீங்க. சுத்தி இருக்கிற நாற்காலியை நகர்த்திட்டு, தலைக்கடியில துண்டோ பையோ வைங்க. இழுப்பு நின்னதும் ஒரு பக்கமா திருப்பிப் படுக்க வைங்க. கடிகாரத்தைப் பாருங்க. அஞ்சு நிமிஷம் தாண்டினாலோ, நினைவு திரும்பாம மறுபடி வந்தாலோ, 108-க்குப் போன் பண்ணுங்க. நான் முழிச்சதும் கூட்டத்தைக் கலைச்சுட்டு, என்ன நடந்ததுன்னு எனக்குச் சொல்லுங்க. நான் எழுதி வைக்கணும்.’