வயலின் ஓரத்தில் நிற்பவர்கள்



இன்று கேட்ட லேவியர் நூல் 19ஆம் அதிகாரம் நிலமுள்ளவருக்கு ஒரு கட்டளை தருகிறது. அறுவடையில் வயலோரத்துக் கதிரை விட்டுவிட வேண்டும்; சிந்தியதைப் பொறுக்கக் கூடாது. அது ஏழைக்கும் அந்நியருக்கும் உரியது. விளைந்ததையெல்லாம் வீட்டில் சேர்த்துவிட்டு, பிறகு மனமிரங்கிக் கொஞ்சம் கொடு என்று ஆண்டவர் சொல்லவில்லை. அந்த ஓரம் முதலிலிருந்தே உன்னுடையதல்ல என்கிறார்.

இந்தச் சட்டத்தால் பிழைத்தவர் ரூத்து. மோவாபு நாட்டுக் கைம்பெண். பெத்லகேமில் மாமியாரைத் தவிர அவருக்கு யாருமில்லை. வாற்கோதுமை அறுவடையில் கதிர் பொறுக்கப் போனார். அங்கே வயலுக்கு உரியவரான போவாசு தம் ஆள்களுக்கு இட்ட கட்டளையை எப்போது வாசித்தாலும் என் மனம் நெகிழ்கிறது. கட்டிய அரிகளிலிருந்தே சில கதிர்களை உருவிப் போடச் சொல்கிறார். ரூத்தை ஒரு வார்த்தைகூடக் கடிந்து பேசக் கூடாது என்கிறார். பசியும் தீர வேண்டும், மானமும் நிற்க வேண்டும். அந்தப் பெண்ணின் வழிமரபில்தான் தாவீது பிறந்தார், நம் ஆண்டவரும் பிறந்தார்.

இன்று வயலோரத்தில் நிற்பவர் யார்? உழுதவரே நிற்கிறார். அரை ஏக்கரில் கத்தரி போட்டவர் மண்டிக்கு மூட்டை கொண்டுபோனால், வண்டி வாடகை, இறக்குகூலி, கமிஷன் போக மிஞ்சுவது சொற்பம். அதே கத்தரி கடைக்கு வரும்போது, கூலிவேலைக்குப் போகும் தாய் விலையைக் கேட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார். ரேஷன் அரிசி வீட்டில் இருக்கிறது. குழம்பில் போடக் காய் இல்லை. இந்த இரண்டு பேரையும் நேருக்கு நேர் சந்திக்க வைக்கத்தான் 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. அங்கே தரகர் கிடையாது. அடையாள அட்டை பெற்ற விவசாயி தாமே விற்கிறார். திருத்தந்தை பிரான்சிசும் 2015இல் ‘இறைவா உமக்கே புகழ்’ சுற்றுமடலில், நிலத்தை விற்றுவிட்டு வெளியேறும் நிலைக்குத் தள்ளப்படும் சிறு விவசாயிகளுக்காகப் பரிந்து பேசினார்.

நம் பங்குத் திருவிழா அசனத்துக்கு இந்த ஆண்டு மொத்தக் கடைக்குப் போக வேண்டாம். நம் அன்பியங்களிலேயே கத்தரி, வாழை, முருங்கை போட்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். பொறுப்பாளர்கள் இந்த வாரமே அவர்களைப் போய்ப் பாருங்கள். கோணல் காய் என்று விலை குறைக்காதீர்கள். பந்திக்கு வர முடியாத முதியோருக்குச் சோறு வீடு தேடிப் போகட்டும். கேட்டுத்தான் வாங்க வேண்டும் என்ற நிலை வேண்டாம். கூலியை விடியும்வரை கையில் வைத்திருக்கக் கூடாது என்பதும் லேவியர் நூலின் அதே அதிகாரத்துக் கட்டளைதான். ஆகவே, காய் வந்திறங்கும் அன்றே விவசாயியின் கையில் பணம் போய்ச் சேர வேண்டும்.