உழவர் துயரும் கேட்போர் கடமையும்

பயிர் பொய்த்து, கடன் முற்றி நிற்கும் உழவரிடம் மனநலம் பற்றிப் பேசுவது முறையா என்னும் ஐயம் எளிதில் தள்ளிவிடத்தக்கதன்று. வறட்சியும் விலைவீழ்ச்சியும் கந்துவட்டியும் விளைவித்த துன்பத்தை ஒருவருடைய மனத்தின் குறையாகக் காட்டிவிட்டால், தீர்வு காண வேண்டியவர்கள் தப்பித்துக்கொள்வார்கள் என்று அஞ்சுவதில் நியாயம் உண்டு. ஆயினும், கடன் தீரும்வரை மனத்தைக் கவனிக்க வேண்டியதில்லை என்று முடிவுகட்டுவது கொடுமையாகவே முடியும். மருத்துவம் மனச்சோர்வு என்று குறிப்பது, உறக்கத்தையும் பசியையும் எதிலும் உள்ள நாட்டத்தையும் வாரக்கணக்கில் குலைத்துவிடும் நோய்நிலையை. அது கடனால் வந்ததாயினும், வந்தபின் கடனை எதிர்கொள்ளும் திறனையே அரித்துவிடுகிறது. கூட்டுறவுச் சங்கத்தில் தவணை கேட்பதும், பயிர்க் காப்பீட்டுக்காகக் கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் வாங்குவதும்கூட அந்நிலையில் இயலாதவையாகிவிடுகின்றன. உரிமையைக் கேட்டுப் பெறவும் மனத்தில் தெம்பு வேண்டும்.

காவிரிப் படுகையின் சிற்றூர்களில் துயரம் பெரும்பாலும் உடம்பின் மொழியிலேயே வெளிப்படுகிறது. நெஞ்சு படபடக்கிறது, உடம்பெல்லாம் அசதி, தூக்கம் பிடிக்கவில்லை என்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருபவர் வலி மாத்திரையோடு திரும்பிவிடுவதுண்டு. ஆகவே விழிப்புணர்வு முதலில் தேவைப்படுவது உழவருக்கு அன்று, அவர் பேச்சைக் கேட்கும் இடத்தில் இருக்கும் செவிலியருக்கும் சங்கச் செயலாளருக்கும் உரக்கடைக்காரருக்குமே. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்துக்கு உள்ளானவராகவே கருத வேண்டும் என்று கூறி, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிக்கும் கடமையை அரசின்மீது சுமத்துகிறது. இன்றும் வழக்குக்கு அஞ்சி நடந்ததை மறைக்கும் குடும்பங்களுக்கு இதை யார் எடுத்துச் சொல்வது?

தற்கொலையைத் தடுக்கும் முயற்சியாக, காட்டுமன்னார்கோயில் பகுதியின் இரண்டு ஊர்களில், பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் பொதுவிடத்துப் பூட்டுப் பெட்டகங்களில் வைக்கும் முறை ஆய்வாக மேற்கொள்ளப்பட்டது. தற்கொலை எண்ணம் பலருக்குச் சிறிது நேரமே உச்சத்தில் நிற்பதால், அந்த நேரத்தைக் கடத்திவிடும் இத்தகைய ஏற்பாடு உயிர் காக்கக்கூடும். கொடிய நச்சுமருந்துகளைப் படிப்படியாகத் தடைசெய்த இலங்கையில் தற்கொலைச் சாவுகள் பெருமளவு குறைந்தது, நஞ்சு எளிதில் கைக்கு எட்டாதிருப்பதன் பயனைக் காட்டுகிறது.

இந்தப் பேச்சில் பெரிதும் விடுபட்டுப்போகிறவர்கள் கூலித் தொழிலாளர்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்கின்படி, நாட்டில் தற்கொலையால் இறந்த விவசாயிகள் 5,207 பேர், விவசாயக் கூலிகள் 6,083 பேர். பட்டா இல்லாதவருக்குப் பயிர்க்கடன் கிடைப்பது அரிது. எனவே தள்ளுபடியும் அவரை எட்டுவதில்லை. மருத்துவமனைக்குச் செல்ல ஒரு நாள் கூலியை இழக்க வேண்டிய அவருக்கு, 2022 முதல் இயங்கிவரும் டெலி-மானஸ் என்னும் கட்டணமில்லா ஆலோசனைச் சேவையின் 14416 என்ற எண், நியாயவிலைக் கடைச் சுவரிலும் நடவுக்கு ஆளேற்றும் வண்டி நிற்கும் இடத்திலும் எழுதப்பட்டிருக்க வேண்டும்.