செய்யாத பிழைக்குப் பதவி துறப்பது அறமா?

1917 ஜூலையில் பிரிட்டனின் இந்தியத் துறை அமைச்சர் ஆஸ்டின் சேம்பர்லேன் பதவி விலகினார். மெசொப்பொத்தேமியாவில் குட் நகர முற்றுகையில் சிக்கிய படை அதற்கு முந்தைய ஆண்டு ஏப்ரலில் துருக்கியரிடம் சரணடைந்திருந்தது. சரணடைந்த ஏறத்தாழ 13,000 பேரில் பெரும்பாலோர் இந்தியர்கள். அந்தப் போர்முனையில் காயம்பட்டவர்களுக்குப் போதிய மருத்துவர்கள் இல்லை, மருந்து இல்லை, ஆற்றுவழியே கொண்டுசெல்லப் படகும் இல்லை. விசாரணைக் குழு பெரும்பழியைக் களத்தளபதி மீதும் படையெடுப்பை நடத்திய இந்திய அரசு மீதும் சுமத்தியது. மருத்துவச் சீர்கேடு சேம்பர்லேன் கையால் நேர்ந்ததன்று. அங்குள்ள நிலைமை பற்றி வைஸ்ராயிடம் அவர் கேட்டு எழுதியும் இருந்தார். ஆனாலும் தம் துறையின்கீழ் பணியாற்றியவர்கள் குற்றம் சாட்டப்பட்டு நிற்கையில் தாம் பதவியில் நீடிப்பது முறையன்று என்று அவர் முடிவு செய்தார்.

இது போற்றத்தக்க செயலாகத் தோன்றுகிறது. ஆனால் நீதியின் அடிப்படை விதியோடு வைத்துப் பார்த்தால் கேள்வி எழுகிறது. தவறு செய்தவரே அதன் விளைவை ஏற்க வேண்டும் என்பது பரவலாக ஒப்புக்கொள்ளப்பட்ட நெறி. செய்யாதவர் தண்டனை ஏற்றால் செய்தவர் தப்பிவிடுவார். ஆயிரக்கணக்கான ஊழியர்கள் உள்ள துறையில், எங்கோ ஒரு மேசையில் நிகழும் பிழைக்கெல்லாம் அமைச்சர் வெளியேறினால் ஆட்சியே நடக்காது. அப்படியிருக்க, பிறர் பிழையை அமைச்சர் ஏன் சுமக்க வேண்டும்?

விடை அந்தப் பதவி வளர்ந்த விதத்தில் இருக்கிறது. ஒரு காலத்தில் மூத்த அமைச்சர்கள் மன்னரின் ஊழியர்கள். மன்னரின் நம்பிக்கை இருக்கும்வரைதான் அவர்களுக்குப் பதவி. 1782இல் உள்துறையும் வெளியுறவும் தனித்தனித் துறைகளாயின. நாடாளுமன்றத்தின் கை ஓங்க ஓங்க, அமைச்சர்கள் பதில் சொல்லவேண்டிய இடமும் அரண்மனையிலிருந்து அவைக்கு மாறியது. 1854இல் வெளிவந்த நார்த்கோட் – டிரெவெல்யன் அறிக்கை, சலுகையால் அன்றித் தேர்வால் அமர்த்தப்படும் நிலையான அதிகாரவர்க்கத்துக்கு வழிகாட்டியது. ஆட்சி மாறினாலும் அதிகாரிகள் மாறமாட்டார்கள்; எந்தக் கட்சி வந்தாலும் ஒரே நேர்மையுடன் உழைப்பார்கள்; பொதுவெளியில் வாய் திறக்கமாட்டார்கள். 1943இல் கார்ல்டோனா வழக்கின் தீர்ப்பு இந்த உறவைச் சட்டமொழியில் வகுத்தது: அமைச்சருக்குத் தரப்பட்ட அதிகாரத்தை அதிகாரி பயன்படுத்தினால், அது அமைச்சரின் செயலே, அதற்கு நாடாளுமன்றத்தில் பதில் சொல்லவேண்டியவரும் அமைச்சரே.

இங்கேதான் அறத்தின் முடிச்சு இருக்கிறது. அதிகாரி நன்றாகச் செய்த வேலையின் புகழ் அமைச்சருக்குப் போகிறது. அதிகாரி எழுதிய உரையை அமைச்சர் தம் குரலில் வாசிக்கிறார். குற்றம் சாட்டப்படும்போது அமைச்சருக்கு அவை இருக்கிறது, நாளேடுகள் இருக்கின்றன. அதிகாரிக்கோ மௌனமே விதி. எதிர்த்துப் பேச வழியில்லாத ஒருவர் மீது, பேசும் உரிமை முழுவதையும் வைத்திருப்பவர் பழி சுமத்துவது நியாயமாகாது. ஆகவே பிறர் பிழையை ஏற்பது அமைச்சரின் பெருந்தன்மையைப் பொறுத்த விஷயமல்ல. அதிகாரிகளின் மௌனத்தால் அவர் பெற்ற நன்மைக்கு அவர் திருப்பிச் செலுத்தவேண்டிய கடன் அது.

கடனைப் பதவி விலகலால்தான் தீர்க்க வேண்டுமா என்பது அடுத்த கேள்வி. இதற்கு எப்போதும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுவது கிரிச்சல் டவுன் விவகாரம். டார்செட் மாவட்டத்தில் குண்டுவீச்சுப் பயிற்சிக்காக 1938இல் அரசு வாங்கிய சுமார் 725 ஏக்கர் நிலத்தை, போர் முடிந்தபின் பழைய உடைமையாளரின் குடும்பம் திரும்பக் கேட்டது. வேளாண் அமைச்சகம் அவர்களைப் பொருட்படுத்தவில்லை. விசாரணை அறிக்கை அதிகாரிகளைக் கடுமையாகச் சாடியது. 1954 ஜூலையில் அமைச்சர் சர் தாமஸ் டக்டேல் விலகினார். அதிகாரிகளின் பிழைக்காக விலகிய உத்தமர் என்று பல ஆண்டுகள் அவரைச் சொன்னார்கள். பின்னாளைய ஆய்வுகளோ, நிலம் பற்றிய முடிவில் அவருக்கும் பங்கிருந்ததை எடுத்துக்காட்டின. அதிகாரிகளின் பெயர்கள் ஏற்கெனவே ஊரறிய வந்திருந்தன. ஆளுங்கட்சி உறுப்பினர்களின் கோபமும் அமைச்சரை நெருக்கியிருந்தது. ஒரு விலகலைத் தியாகக் கதையாக்கிவிட்டால், உண்மையில் என்ன நடந்தது என்ற கேள்வி அந்தக் கதைக்குள் புதைந்துபோகும்.

இன்னொரு விலகலைப் பார்ப்போம். 1982 ஏப்ரல் 2 அன்று அர்ஜென்டினா, பிரிட்டனின் ஆளுகையிலிருந்த ஃபாக்லாந்து தீவுகளைக் கைப்பற்றியது. மூன்று நாள் கழித்து வெளியுறவு அமைச்சர் கேரிங்டன் பிரபு விலகினார். தீவுகளுக்கு அருகே ரோந்து செய்த 'எண்டியூரன்ஸ்' கப்பலைத் திரும்பப்பெறும் முடிவு பாதுகாப்புத் துறையுடையது. அதை எதிர்த்து வாதாடியவர் கேரிங்டன். எதிர்த்தவர் போனார். பாதுகாப்பு அமைச்சர் ஜான் நாட் விலக முன்வந்தும், போர் நடக்கவிருப்பதால் பிரதமர் தாட்சர் ஏற்கவில்லை. 1983 ஜனவரியில் வந்த ஃபிராங்க்ஸ் விசாரணைக் குழுவின் அறிக்கை, படையெடுப்புக்கான பழியை அரசின் மீது சுமத்த முடியாது என்றது. அப்படியானால் கேரிங்டனின் விலகல் வீணா? இல்லை. நாடு போருக்குள் நுழையும் வேளையில், தன் கண்காணிப்பில் இந்த அவமானம் நேர்ந்தது என்று ஒருவர் ஒப்புக்கொண்டது பொதுமக்களின் நம்பிக்கையை ஓரளவு மீட்டது. எனினும் அமைச்சரவை முழுவதும் பதில் சொல்லவேண்டிய ஒன்றுக்கு ஒருவர் வெளியேறியதால் மற்றவர்கள் மீதான கேள்வியின் கூர்மை குறைந்தது. ஒரே செயலில் நன்மையும் தீங்கும் கலந்திருந்தன.

இதற்கு எதிர்த்திசையில் வேறொரு பழக்கம் வளர்ந்தது. கொள்கை அமைச்சருடையது, நடைமுறை அதிகாரியுடையது என்ற பாகுபாடு அது. 1995இல் பார்க்ஹர்ஸ்ட் சிறையிலிருந்து கைதிகள் தப்பியதை அடுத்து, உள்துறை அமைச்சர் மைக்கேல் ஹோவர்ட் சிறைத்துறைத் தலைவர் டெரெக் லூயிஸைப் பதவிநீக்கம் செய்தார். தாம் பதவியில் தொடர்ந்தார். பாகுபாட்டில் ஓரளவு உண்மை உண்டு. பூட்டைச் சரிபார்ப்பது அமைச்சரின் வேலையன்று. ஆனால் எத்தனை காவலர்கள், எவ்வளவு பணம், எந்த வேலைக்கு முன்னுரிமை என்பவை கொள்கையாலேயே தீர்மானிக்கப்படுகின்றன. கொள்கைக்கும் நடைமுறைக்கும் இடையே கோடு எங்கே போடுவது என்பதும் அமைச்சரின் கையில்தான் இருக்கிறது. தன் எல்லையைத் தானே வரைந்துகொண்டு, பிழையெல்லாம் அதற்கு வெளியே நிகழ்ந்தது என்பவரின் சொல்லை எளிதில் நம்பக்கூடாது.

பதவி விலகலின் போதாமையை இவை எல்லாவற்றையும்விடத் தெளிவாகக் காட்டியது விண்ட்ரஷ் கொடுமை. கரீபியத் தீவுகளிலிருந்து சட்டப்படி வந்து, பல பத்தாண்டுகள் பிரிட்டனில் உழைத்து வாழ்ந்தவர்களிடம் ஆவணம் கேட்டார்கள். வேலை, வாடகை வீடு, மருத்துவம் ஆகியவற்றை மறுத்தார்கள். சிலரை நாடுகடத்தவும் செய்தார்கள். 2018 ஏப்ரலில் உள்துறை அமைச்சர் ஆம்பர் ரட் விலகினார். அவர் சொன்ன காரணம், நாடுகடத்தல் இலக்குகள் குறித்து நாடாளுமன்றக் குழுவுக்குத் தவறான தகவல் தந்துவிட்டேன் என்பது. சட்டவிரோதமாகக் குடியேறியவர்களை நெருக்குவதற்கென்று, இந்தக் கொடுமைக்கு வழிவகுத்த கொள்கையை உருவாக்கியவர் முன்னாள் உள்துறை அமைச்சர் தெரசா மே. ரட் விலகியபோது மே பிரதமராக இருந்தார். அவைக்கு உண்மை சொல்லத் தவறியதற்காக ஒருவர் விலகினார். மனிதர்களுக்கு இழைத்த கொடுமைக்காக எவரும் விலகவில்லை. இழப்பீட்டுத் திட்டம் 2019இல்தான் தொடங்கியது; பணம் கைக்கு வருமுன்பே இறந்துபோனவர்கள் உண்டு.

ஆக, அமைச்சரின் கடமைகளுக்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலாவது, முழு உண்மையையும் தாமே அவைமுன் சொல்வது. இரண்டாவது, பாதிக்கப்பட்டவருக்கு நேர்ந்ததைத் தம்மால் இயன்றவரை சரிசெய்வது. மூன்றாவது, தமக்குக் கீழுள்ளவரின் தவறை விசாரித்துத் திருத்தும்போதும் அவரைக் கேடயமாக்காதிருப்பது. இவை மூன்றையும் செய்ய இயலாத அளவுக்குத் தம்மீதுள்ள நம்பிக்கை உடைந்திருந்தால், அல்லது தம் சொந்த முடிவே அந்தக் கேட்டுக்கு வழி திறந்திருந்தால், விலகுவது கடமையாகிறது. மற்ற வேளைகளில், இருந்து சீர்செய்வதே கடினமான வழி. நேர்மையான வழியும் அதுவே.

சேம்பர்லேன் சில மாதங்களில் போர் அமைச்சரவைக்குத் திரும்பினார். பின்னாளில் வெளியுறவு அமைச்சராகி நோபல் அமைதிப் பரிசும் பெற்றார். கேரிங்டன் நேட்டோவின் தலைமைச் செயலாளரானார். பதவி போனவர்க்கு மறுவாழ்வு கிடைக்கிறது. குட்டில் சிறைப்பட்டு மடிந்த சிப்பாய்க்கு அது கிடைக்கவில்லை. எனவே ஒரு விலகலை மதிப்பிடும்போது, போனவர் எதை இழந்தார் என்று அளப்பது போதாது. அந்தப் பிழையால் துன்பப்பட்டவர் எதைத் திரும்பப் பெற்றார், இனி எவர் துன்பப்படாமல் காக்கப்படுகிறார் என்பதே அளவுகோல். அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத விலகல், எவ்வளவு கண்ணியமாக நடந்தாலும், பாதிக் கடமையே.