காணும் கண்களில் பேதம்

பிறர் அறியக்கூடாது என்று நீங்கள் கருதும் காரியம் ஏதேனும் இருக்குமானால், அதைச் செய்யாமலே இருந்துவிடுவது உத்தமம் என்ற கருத்துப்பட, கூகுள் நிறுவனத்தின் தலைமை அதிகாரியாயிருந்த எரிக் ஷ்மிட் 2009ஆம் ஆண்டில் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் சொன்னபோது, அமெரிக்காவில் பலர் சினங்கொண்டார்கள். நம் ஊர்ப் பாட்டிமார்கள் கேட்டிருந்தாலோ, இதையேதானே நாங்களும் ஆயுசு முழுவதும் சொல்லி வந்தோம் என்று தலையசைத்திருப்பார்கள். ஆண்டவன் சகலத்தையும் காண்கிறான் என்பதை ஒப்புக்கொண்டு நிம்மதியாக உறங்கும் ஆஸ்திகன், ஒரு கம்பெனி தன்னைக் கவனிக்கிறது என்று கேள்விப்பட்டவுடன் மட்டும் ஏன் பதற வேண்டும்? இந்தக் கேள்வியை வெறும் விதண்டாவாதம் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை.

உபதேசம் செய்தவர்களின் நடத்தையைக் காட்டி விடையிறுப்பது எளிது. கூகுளில் தேடியே ஷ்மிட்டைப் பற்றித் திரட்டிய விவரங்களை 2005இல் ஸீநெட் என்ற செய்தி நிறுவனம் வெளியிட்டபோது, அதன் நிருபர்களோடு ஓராண்டு பேசப்போவதில்லை என்று கூகுள் விரதம் பூண்டது. அந்தரங்கத்தைப் பற்றிய சமூக வழக்கமே மாறிவிட்டது என்று 2010இல் கூறிய ஃபேஸ்புக் அதிபர் மார்க் சக்கர்பெர்க், 2013இல் பாலோ ஆல்டோவில் தம் வீட்டை அடுத்திருந்த நான்கு வீடுகளை விலைக்கு வாங்கிக்கொண்டார். இவர்களைக் கபடதாரிகள் என்று பலர் ஏசினார்கள். எனக்கோ, கோடீசுவரனுக்கும் ஒரு மறைவிடம் வேண்டியிருக்கிறது என்பதற்கு இவை நல்ல சாட்சியங்களாகவே படுகின்றன.

ஆனால் உண்மையான விடை வேறிடத்தில் இருக்கிறது. ஒரே மரத்தில் அமர்ந்திருக்கும் இரு பறவைகளைப் பற்றி முண்டக உபநிஷத்து பேசுகிறது. அவற்றுள் ஒன்று கனியை உண்கிறது, மற்றொன்று உண்ணாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. அப்படிச் சாக்ஷியாக இருக்கும் ஆண்டவனுக்குக் கனியில் ஆசையில்லை. ஆகையால்தான் அவன் பார்வைக்கு நாம் கூசுவதில்லை. விளம்பர வருமானத்தால் செழிக்கும் நிறுவனங்களிலோ, பார்க்கிற பறவையே கனியையும் உண்கிறது. அன்றியும், எல்லாம் அறிந்த ஈசுவரனைப் பேசும் அதே சாஸ்திரங்கள்தாம் மனிதனுக்கு ஏகாந்தத்தையும் விதித்திருக்கின்றன. யோகியைத் தனியிடத்தில் அமரச் சொல்கிறது கீதையின் ஆறாம் அத்தியாயம். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பிரார்த்திக்கச் சொல்கிறது மத்தேயு சுவிசேஷம். ஒருவர் குற்றத்தை மற்றொருவர் துருவித் தேடுவதையே விலக்குகிறது திருக்குர்ஆன். கடவுளின் கண்ணுக்குத் தப்ப முடியாது என்று போதித்த மதங்கள், அண்டை வீட்டானின் கண்ணை அதற்குப் பிரதிநிதியாக நியமிக்கவில்லை.

இந்தப் பேதம், மென்பொருள் எழுதுகிறவர்களின் அன்றாட உத்தியோகத்தில் இன்னும் துலக்கமாகத் தெரிகிறது. சிட்னி நகரத்து அட்லாசியன் நிறுவனம் 2002இல் வெளியிட்ட ஜிரா போன்ற வேலைக் கண்காணிப்புக் கருவிகளில், ஒவ்வொரு வேலையும் டிக்கெட் என்ற தனிப் பதிவாகி, அதற்கொரு பொறுப்பாளர் பெயர் ஏற்பட்டு, அது ஒரு நிலையிலிருந்து மறு நிலைக்கு நகர்ந்த வேளையெல்லாம் சரித்திரமாகப் பதிவாகிறது. கூடி வேலை செய்கிறவர்கள் ஒருவர் காரியத்தை மற்றவர் சமமாகக் காண்பதில் எனக்கு ஆட்சேபம் கிடையாது. ஆனால் வேலையின் பருமனைக் குத்துமதிப்பாகச் சொல்லிக்கொள்ள ஏற்பட்ட ஸ்டோரி பாயிண்ட், மேலதிகாரியின் கையில் ஆளை நிறுக்கும் படிக்கல்லாகிவிடும்போது, ஒரு நாள் முழுதும் சிந்தித்து, அவசியமற்ற ஒரு பகுதியை எழுதாமலே தவிர்த்தவனுடைய கணக்கு வெறுமையாகவும், அற்பத் திருத்தங்களைத் துண்டு துண்டாக்கி முடித்தவனுடைய கணக்கு நிரம்பியும் காட்சியளிக்கின்றன. காஞ்சிபுரத்தில் கோயில் கொண்டிருக்கும் சித்திரகுப்தனும் கணக்கெழுதுகிறவன்தான். எனினும் அவன் ஏட்டில் மனத்துக்குள் மறைந்திருப்பதும் ஏறும் என்றே நம் ஜனங்கள் நம்பி வந்திருக்கிறார்கள். பாதியைப் பார்த்துவிட்டு முழுமைக்குத் தீர்ப்பளிக்கும் கணக்கனை அவர்கள் கும்பிட்டதில்லை.

வேடிக்கை என்னவென்றால், 2001இல் யூட்டா மாகாணத்து ஸ்னோபர்ட் மலைவிடுதியில் கூடி மென்பொருள் ஆக்கத்துக்கான அஜைல் பிரகடனத்தை எழுதிய 17 பேர், முறைகளையும் கருவிகளையும்விட மனிதர்களையும் அவர்களுக்குள் நிகழும் உரையாடலையுமே தாங்கள் உயர்வாக மதிப்பதாக முதலாவதாகச் சொல்லியிருந்தார்கள். அந்தப் பிரகடனத்தின் பெயராலேயே இன்று ஜிரா போன்ற கருவிகள் விற்பனையாகின்றன. அளக்கப்படுவதன் மேலுள்ள வெறுப்போ இவர்களுக்கெல்லாம் முந்தியது. அமெரிக்கப் பொறியாளர் டெய்லருடைய முறைப்படி ஸ்டாப்வாட்ச் வைத்துத் தங்கள் வேலையைக் கணிக்க நிர்வாகம் முற்பட்டபோது, மாஸசூசெட்ஸ் மாகாணத்து வாட்டர்டவுன் ஆயுதச் சாலையின் வார்ப்புத் தொழிலாளர்கள் 1911லேயே வேலையை நிறுத்திவிட்டு வெளியேறினார்கள்.

அதே வெறுப்பு நம் காலத்திலும் வெளிப்பட்டது. 2020 நவம்பரில் மைக்ரோசாஃப்டின் உற்பத்தித்திறன் மதிப்பெண் என்ற ஏற்பாடு, அதைப் பயன்படுத்திய ஸ்தாபனங்களில் எந்த ஊழியர் எத்தனை நாள் மின்னஞ்சல் அனுப்பினார் என்பதுவரை பெயர் சொல்லிக் காட்டுகிறது என்று கண்டனம் எழுந்தது. டிசம்பர் முதல் தேதியே, பெயர்களை நீக்கிவிட்டு ஸ்தாபனத்தின் மொத்தக் கணக்கை மட்டும் காட்டுவதாக அந்நிறுவனம் அறிவித்தது. பெயரின்றியும் அந்தக் கணக்கு பயன்படும் என்றால், பெயர்களை அதில் முதலில் சேர்த்தது யாருடைய பிரயோஜனத்தை உத்தேசித்து என்று கேட்க, ஒருவன் ஆஸ்திகனாகக்கூட இருக்க வேண்டியதில்லை.